உளிக்குப் பின்னால் இரு கைகளும்

கையில் கட்டுடன் எங்கள் பிரிவுக்கு வரும் தச்சுத் தொழிலாளர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள்: "மறுபடியும் இழைப்புளி பிடிக்க முடியுங்களா?" இதற்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பில் இருக்கும் எங்களுக்கு, இழைப்புளியை எப்படிப் பிடிப்பது என்பதே அண்மைக்காலம் வரை தெரியாது.

உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுப் பிரிவில் நாங்கள் இரு மருத்துவர்கள். எங்களுடன் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர். எலும்பு கூடியிருக்கிறதா, தசைநாண் தடையின்றி ஓடுகிறதா, பிடியின் வலிமை எத்தனை கிலோ என்பவற்றை அளந்து சொல்ல எங்களால் இயலும். அந்தப் பிடி எந்த வேலைக்குப் போதும், எதற்குப் போதாது என்பதை மட்டும் ஊகித்தே சொல்லிவந்தோம். இந்தக் குறை எங்களை நெடுநாள் உறுத்தியது. ஆகவே, முன்பு எங்களிடம் சிகிச்சை பெற்ற மூத்த தச்சர் ஒருவரை அணுகி, ஞாயிறு காலைகளில் எங்களுக்கு மரவேலையின் அடிப்படைகளைக் கற்றுத்தர இயலுமா என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு அவர் சொன்னார்: "வாங்க டாக்டர். ஆனா முதல் ரெண்டு மாசம் மிஷின் பக்கமே வரக்கூடாது."

அங்கு கற்றவற்றுள் நம் நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதுகிறோம். தொழிலாகச் செய்வோர் மட்டுமின்றி, பணி ஓய்வுக்குப்பின் பொழுதுபோக்காக மரவேலை தொடங்குவோரும், வீட்டு அலமாரிக்கு ஒரு பலகையைத் தாமே அறுத்துவிடலாம் என எண்ணுவோரும் இதைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

முதல் நாள் எங்களுக்குக் கருவி எதுவும் தரப்படவில்லை. ஒரு வேப்பம்பலகையை மேசைமீது அசையாமல் நிறுத்துவதிலேயே அன்றைய காலை கழிந்தது. வைஸ், கிளாம்ப், ஆப்பு, முட்டுக்கட்டை என ஒவ்வொன்றையும் பொருத்தி, பலகையைத் தள்ளிப் பார்த்து, அசைந்தால் மீண்டும் முடுக்கினோம். நம் ஊர்த் தச்சர்களில் பலர் தரையில் அமர்ந்து, பாதத்தால் பலகையை அழுத்திக்கொண்டு வேலை செய்து பழகியவர்கள். அந்தத் திறன் வியப்புக்குரியதே. ஆயினும் புதிதாகக் கற்பவர் அதைப் பார்த்துச் செய்யக்கூடாது என்று எங்கள் ஆசான் கண்டிப்பாகச் சொன்னார். பலகையைப் பிடிக்கும் வேலையை ஒரு கையோ காலோ ஏற்றுக்கொண்டால், கருவி வழுக்கிச் செல்லும் பாதையில் அது நின்றே தீரும்.

அவர் சொன்னதைக் கேட்டபோது எங்கள் வெளிநோயாளிப் பிரிவின் காட்சி எங்களுக்குச் சட்டென விளங்கியது. உளிக்காயத்துடன் வருவோரில் பெரும்பாலோருக்குக் காயம் இடக்கையில்தான் இருக்கும். இடக்கைப் பழக்கம் உள்ளவராயின் வலக்கையில். வெட்டுப்படுவது எப்போதும் பிடித்துக்கொண்டிருந்த கை. இத்தனை ஆண்டுகள் அதைக் குறித்து வைத்தோமேயன்றி, ஏன் என்று யோசிக்கவில்லை.

அடுத்த பாடம் உளி. அதற்கு ஒரே விதிதான்: இரு கைகளும் எப்போதும் வெட்டுமுனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். கொட்டாப்புளியால் அடிக்கும்போது ஒரு கை உளியின் பிடியிலும் மற்றது கொட்டாப்புளியிலும் இருப்பதால் இவ்விதி தானாகவே காக்கப்படுகிறது. அடித்து முடித்தபின், மூட்டின் ஓரத்தில் எஞ்சியிருக்கும் மெல்லிய சீவலை எடுக்கும் தருணத்தில்தான் கவனம் தளர்கிறது. "இது சின்ன வேலைதானே" என்று பலகையைக் கிளாம்பிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறோம். மூன்றாம் வாரத்தில் எங்களில் ஒருவர் அதைத்தான் செய்தார். உளி வழுக்கி இடக்கைச் சுட்டுவிரலின் அடியில் பதிந்தது. நல்வேளையாகத் தோலோடு நின்றது, இரண்டு தையல்கள். ஆசான் கோபிக்கவில்லை. அந்தச் சீவலை எடுத்துக் காட்டி, "இதுக்காகவா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த இடம் எத்தகையது என்பதைச் சற்று விளக்க வேண்டும். நம் கையில் 27 எலும்புகள் உள்ளன; விரல்களை மடக்கி நீட்டும் தசைகளோ விரல்களில் இல்லை. அவை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருந்துகொண்டு, தசைநாண்கள் வழியே விரலை இயக்குகின்றன. உள்ளங்கையின் மேல்மடிப்பிலிருந்து விரலின் நடுப்பகுதி வரை, மடக்கும் தசைநாண்கள் இரண்டும் ஒரே குறுகிய உறைக்குள் ஒன்றையொன்று ஒட்டியபடி செல்கின்றன. அங்கே வெட்டுப்பட்டுத் தைக்கப்படும் தசைநாண் சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொண்டு, விரல் மடங்காமலேயே போய்விடக்கூடும். அந்தப் பகுதிக்குள் புகவே முந்தைய தலைமுறை அறுவை மருத்துவர்கள் தயங்கினார்கள். இன்று தைக்க முடிகிறது. ஆயினும், தைத்தபின் ஏறத்தாழ 12 வாரங்கள் பாரமான எதையும் அந்தக் கை பிடிக்கக்கூடாது. ஒரு சென்டிமீட்டர் வெட்டு, மூன்று மாதக் கூலி. இந்தக் கணக்கை மருத்துவப் புத்தகம் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை.

மொண்ணையான உளி காயப்படுத்தாது என்று பலர் நம்புகிறார்கள். கூரிய உளி மெல்லிய அழுத்தத்தில் மரத்துக்குள் இறங்குகிறது. மொண்ணையானதை உடல் பாரத்தையெல்லாம் செலுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. அவ்வளவு விசையுடன் அது வழுக்கினால் நிறுத்த இயலாது. எங்கள் ஆசான் அரைமணி நேர வேலைக்கு ஒருமுறை உளியைச் சாணைக்கல்லுக்குக் கொண்டுபோகிறார். உளியின் சாய்முகத்தை ஏறத்தாழ 25 முதல் 30 பாகைக் கோணத்தில் கல்லின்மீது ஒரே சீராகத் தேய்க்க வேண்டும். பின்முகம் கல்லில் தட்டையாகப் படிய வேண்டும். கோணத்தை மாறாமல் காப்பது நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. கூர்மையைப் பெருவிரலால் தடவிப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு தாளையோ மென்மரத்தின் வெட்டுமுகத்தையோ சீவிப் பார்த்தாலே போதும்.

மரத்தின் இழையோட்டத்தைக் கண்ணால் படிப்பதும் இதைச் சார்ந்ததே. பலகையின் பக்கவாட்டைப் பார்த்தால் இழைகள் எந்தத் திசையில் மேலேறுகின்றன என்பது தெரியும். அந்தத் திசையிலேயே இழைப்புளி சென்றால் சுருள்சுருளாகச் சீவல் வரும்; எதிர்த்திசையில் சென்றால் அலகு இழைக்குள் புகுந்து பிய்க்கும், கருவி துள்ளும். கைரம்பத்திலும் இருவகை உண்டு. இழை நெடுக அறுக்கும் ரம்பத்தின் பற்கள் சிறு உளிகளைப் போன்றவை. இழைக்குக் குறுக்கே அறுப்பதன் பற்கள் சிறு கத்திகளைப் போன்றவை. ஒன்றின் வேலைக்கு மற்றொன்றை எடுத்தால் ரம்பம் திணறும், நாம் அழுத்துவோம், அது எகிறும். அறுக்கத் தொடங்கும்போது சுட்டுவிரலைப் பிடியின் பக்கவாட்டில் நீட்டி, முதல் இரண்டு மூன்று இழுப்புகளைத் தன்பக்கமாக மெல்ல இழுத்துத் தடம் விழச்செய்ய வேண்டும். முழங்கை ரம்பத்தின் நேர்க்கோட்டில் இருந்தால் தோள்வலியும் குறையும். இது எங்கள் துறை சார்ந்த கூடுதல் ஆலோசனை, ஆசானும் ஒப்புக்கொண்டார்.

இனி இயந்திரங்கள். எங்கள் பிரிவைப் பொறுத்தவரை இதுவே இக்கட்டுரையின் மையம்.

கட்டுமான இடங்களிலும் சிறு பட்டறைகளிலும் பரவலாகக் காணப்படும் ஓர் ஏற்பாடு உண்டு. கையில் பிடித்து அறுக்கும் வட்டரம்பத்தைத் தலைகீழாகத் திருப்பி, பிளைவுட் பலகையின் அடியில் முடுக்கி, அலகு மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்குமாறு செய்துகொள்கிறார்கள். விசையைக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். காப்புமூடி கழற்றப்பட்டிருக்கும். மேசைரம்பம் வாங்கப் பணம் இல்லாத இடத்தில் பிறந்த ஏற்பாடு அது என்பதை நாங்கள் அறிவோம். ஆனால் அதில் வெட்டுப்பட்ட கைகளையும் பார்க்கிறோம். அதற்கிணையான ஆபத்து இன்னொன்றிலும் இருக்கிறது: இரும்பு தேய்க்கும் கிரைண்டரில் பற்களுள்ள மரரம்ப அலகைப் பொருத்துவது. சிறிய கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்றுகள் சுழல்கிறது; மரம் அறுக்கும் கைவட்டரம்பத்தின் வேகம் அதில் பாதியளவே. பற்கள் மரத்தில் சிக்கினால் கிரைண்டர் கையைவிட்டுத் துள்ளும். இந்தச் சேர்க்கையை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

மேசைரம்பத்தில் கட்டை எகிறி அடிப்பது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்தால் தற்காப்பும் புரியும். அலகின் முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி வெட்டுகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட இடைவெளி மூடிக்கொண்டாலோ பலகை கோணினாலோ பின்பற்கள் அதைத் தூக்கி, அறுப்பவரை நோக்கியே வீசுகின்றன. வயிற்றில் அடி விழும். அல்லது பலகையைத் தள்ளிக்கொண்டிருந்த கை நிலைதடுமாறி அலகின்மீது விழும். இதைத் தடுக்கவே அலகுக்குப் பின்னால், இடைவெளி மூடாதபடி ஒரு மெல்லிய தகடு பொருத்தப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றக்கூடாது. அலகின் நேர்க்கோட்டில் நிற்காமல் சற்று விலகி நிற்க வேண்டும். பலகையின் கடைசிப் பகுதியைக் கையால் தள்ளாமல் குச்சியால் தள்ள வேண்டும். எங்கள் ஆசான் பழைய பிளைவுட் துண்டில் பறவையின் அலகுபோல ஒரு வெட்டு வைத்துத் தள்ளுகுச்சி செய்து வைத்திருக்கிறார். செலவு ஒன்றுமில்லை, பத்து நிமிட வேலை. அலகை மாற்றும்போது விசையை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

கையுறை பற்றி எங்களிடம் அடிக்கடி கேட்கப்படுகிறது. சுழலும் இயந்திரத்தில் கையுறை அணியக்கூடாது. அது வெட்டைத் தடுக்காது. நூல் ஒன்று அலகிலோ துரப்பணத்திலோ சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். தோளில் போட்ட துண்டு, தொங்கும் முழுக்கைச் சட்டை, முந்தானை, மணிக்கட்டுக் கயிறு, காப்பு ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் பட்டறைக்குள் நுழைய வேண்டும். மோதிரம் சிக்கி இழுபட்டால் விரலின் தோல், நாளங்கள், நரம்புகள் எல்லாம் உறைபோல உரிந்து வந்துவிடும்.

உளிக்காயத்துக்கும் ரம்பக்காயத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறோம். உளி திசுவைப் பிளக்கிறது. ரம்பமோ தன் பல்லின் அகலத்துக்கு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் எலும்பையும் நரம்பையும் நாளத்தையும் தூளாக்கிவிடுகிறது. இழந்த அந்தத் துண்டை எவராலும் திருப்பித் தர இயலாது. எலும்பைக் குறுக்கியோ வேறிடத்திலிருந்து நாளம் எடுத்தோதான் இணைக்க வேண்டும்.

தூசியைப் பற்றிச் சுருக்கமாக. இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரில் மரச்சாமான் தொழிலாளர்களிடையே மூக்கறைப் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1960-களில் அங்குள்ள மருத்துவர்கள் கவனித்தார்கள். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் வெளியிட்ட மதிப்பீடு வகைப்படுத்துகிறது. ஞாயிறுதோறும் சிறிது நேரம் இழைப்பவர் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் உப்புத்தாள் தேய்ப்பவரும் எம்.டி.எஃப். பலகை அறுப்பவரும் என்-95 முகக்கவசம் அணிய வேண்டும். மூக்கில் கட்டும் கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பார்வைக்கு அணியும் கண்ணாடி அதற்கு ஈடாகாது.

நம் வாசகர்களில் பலருக்கு நீரிழிவு இருக்கிறது. அவர்களுக்காக ஒரு பழைய செய்தி. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், மருத்துவம் படிக்கும் முன் தச்சும் கட்டட வேலையும் கற்றவர். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, அவர்கள் தொழில் பழகுவதற்கான குடியிருப்பு ஒன்றையும் அமைத்தார். உணர்ச்சி இழந்த கைகள் ஏன் திரும்பத் திரும்பப் புண்படுகின்றன என்பதை அவர் அங்கே கூர்ந்து கவனித்தார். எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறோம் என்பதைச் சொல்லும் உணர்ச்சி இல்லாத கை, கருவியைத் தேவைக்கு மேல் இறுக்குகிறது. கொப்புளம் எழுந்தாலும் வலிக்காததால் வேலையைத் தொடர்கிறது. நீரிழிவால் நரம்பு நலிந்த கைக்கும் இதே இடர் உண்டு. இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போகிறவர்கள் மரவேலை தொடங்கும் முன் எங்களிடம் ஒருமுறை காட்டுங்கள். கருவியின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளுங்கள். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளங்கையைப் பாருங்கள். இதயநோய்க்காக இரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்போர், அதைத் தாமாக நிறுத்த வேண்டா. சிறு வெட்டுக்கும் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதை வீட்டார் அறிந்திருக்கட்டும். சளி மாத்திரை, வலிப்பு மாத்திரை போன்று உறக்கம் தரும் மருந்தை உட்கொண்ட நாளில் இயந்திரத்தைத் தொட வேண்டா.

இவ்வளவு சொன்னபின் விபத்து நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லியாக வேண்டும். இதை எழுதத் தூண்டியவர் ஒரு தந்தை.

சென்ற ஆண்டு, இருபத்திரண்டு வயதுத் தச்சர் ஒருவரின் இடக்கைச் சுட்டுவிரல், மேற்சொன்ன தலைகீழ் ரம்பத்தில் துண்டானது. அவருடைய தந்தை விரலைத் தேடி எடுத்து, கடைக்கு ஓடிப் பனிக்கட்டி வாங்கி, அதனுள் விரலைப் புதைத்து, ஒன்றரை மணி நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட்டார். நேரம் இருந்தது. ஆனால் பனிக்கட்டி நேராகப் பட்டதால் விரலின் திசுக்கள் உறைந்து, நாளங்கள் பாழாகியிருந்தன. அறுவைச் சிகிச்சைக் குழுவினர் நுண்ணோக்கியின்கீழ் பார்த்துவிட்டு, இணைக்க இயலாது என்றார்கள். "நான்தான் கெடுத்துட்டேனா?" என்று அந்தத் தந்தை எங்களைக் கேட்டார். அவர் செய்தது அன்பினால் செய்தது. சரியான முறையை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாதவர்களில் நாங்களும் அடக்கம். அவர்கள் இருவரின் இசைவுடன்தான் இதை எழுதுகிறோம்.

முறை இதுதான். முதலில் காயப்பட்டவர். சுத்தமான துணியைக் காயத்தின்மீது வைத்து உறுதியாக அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டா. கயிறோ கம்பியோ கொண்டு இறுகக் கட்ட வேண்டா. அடுத்து, துண்டான விரல். மண் இருந்தால் சுத்தமான நீரில் மெல்ல அலசுங்கள், தேய்க்க வேண்டா. நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு வாயை இறுக மூடுங்கள். அந்தப் பையை, பனிக்கட்டியும் நீரும் கலந்த மற்றொரு பையில் வையுங்கள். பனிக்கட்டியோ நீரோ விரலை நேராகத் தொடக்கூடாது. தோலில் தொங்கிக்கொண்டிருக்கும் விரலைத் துண்டித்துவிடாதீர்கள். இருந்த நிலையிலேயே துணி சுற்றிக் கொண்டுவாருங்கள். மற்ற விரல்களின் மோதிரங்களை வீக்கம் வரும் முன் கழற்றிவிடுங்கள். உண்ணவும் குடிக்கவும் ஏதும் தராமல், 108-ஐ அழையுங்கள்.

விரலில் தசை இல்லாமையால், முறையாகக் குளிர்விக்கப்பட்ட விரல் 12 மணி நேரத்துக்குப் பின்னும் இணைக்கப்பட்டதுண்டு. மணிக்கட்டுக்கு மேலே துண்டான கைக்கு அந்த அவகாசம் இல்லை. அது தசை நிறைந்தது. எதுவாயினும் விரைந்து வருவதே நலம். முழுதாகத் துண்டான பெருவிரலை ஜப்பானின் நாரா மாகாணத்தில் கோமாட்சு, தமாய் என்னும் இரு மருத்துவர்கள் 1965-இல் முதன்முதலாக வெற்றிகரமாக இணைத்தார்கள். தலைமுடியைவிட மெல்லிய நூலால், ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள நாளங்களைத் தைக்கும் வேலை அது. இணைத்த விரலில் நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. பொறுமை வேண்டிய கணக்கு.

அந்த இளைஞர் இப்போது எங்கள் பிரிவுக்கு வாரம் இருமுறை வருகிறார். முதலில் சாய்வுப்பலகையில் உப்புத்தாள் தேய்த்தார்; பிறகு மெல்லிய ரம்பம்; இரண்டு மாதங்களாக இழைப்புளி. சுட்டுவிரலின் வேலையை நடுவிரல் மெல்ல ஏற்றுக்கொண்டுவிட்டது. இழைப்புளியின் முன்பிடியைச் சற்றுத் தாழ்த்தி அகலமாக்கித் தந்தால் போதும் என்று எங்கள் சிகிச்சையாளர் கண்டுபிடித்தார். பட்டறைக்குப் போகாதிருந்தால் அது எங்களுக்குத் தோன்றியிராது. ஆசானின் பட்டறைச் சுவரில் இன்று ஒரு டப்பா தொங்குகிறது: சுத்தமான துணி, இரண்டு பிளாஸ்டிக் பைகள், மேலே செய்முறை எழுதிய அட்டை. அட்டையை எழுதியவர் அந்தத் தந்தை.

மகன் முதன்முதலாகச் செய்துமுடித்த முக்காலி எங்கள் சிகிச்சை அறையில் இருக்கிறது. ஒரு கால் சற்றுக் குட்டை. வேறு எவரும் அதைத் தொடக்கூடாதாம். வரும் வியாழனன்று அவரே வந்து சரிசெய்வதாகச் சொல்லியிருக்கிறார்.